எத்தினி ஆளுங்க?

மிஷின் ஆறு என்றது. கயிறு ஒன்பது என்றது.

சவரி கயிற்றை மேலே இழுத்து மறுபடியும் விட்டான். நுனியில் கட்டிய கல் சளக்கென்று இறங்கி, கயிறு ஒவ்வொரு முடிச்சாக அவன் விரலிடுக்கில் நழுவி, ஒன்பதாவது முடிச்சில் சேற்றைத் தொட்டுத் தளர்ந்தது. மேட்டூர் அணை நிரம்பினால் இந்தப் பள்ளத்தில் ஒன்பதுதான். தர்மபுரி ஜில்லாவையே பெயர்த்துக் கொண்டுபோய் சேலத்துக்குத் தெற்கே வைத்தாலும் இந்த ஒன்பது அரை முழம் நகராது. ஆனால் பரிசல் விளிம்பில் கம்பி போட்டுக் கட்டியிருந்த உள்ளங்கை அகலப் பெட்டி, தன் நீல வெளிச்சத்தில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆறு, ஆறு, ஆறு என்று காட்டிக்கொண்டிருந்தது.

"த்தூ," என்று அதன் மேல் துப்பப் போனவன், கரண்டு இருக்கிறதே என்று தண்ணீரில் துப்பினான்.

நாகமரைத் துறையில் சவரியின் கோபம் பேர்போனது. அவன் இக்கரையில் நின்று கத்தினால் அக்கரையில் அடை வைத்த கோழி எழுந்து ஓடிவிடும். ஒருமுறை வலை முள்ளில் சிக்கிக்கொண்டதற்காக வலையைப் பல்லால் கடித்து அறுத்தான். பல் ஒன்று தண்ணீரில் விழுந்தது. விழுந்த பல்லையும் கால் மணி நேரம் திட்டினான். அப்பேர்ப்பட்ட கோபம் முழுவதும் இந்த ஐந்து நாளாக அந்தச் சின்னப் பெட்டியின் தலைமேல்தான்.

காரணம் இருந்தது. இன்று சனிக்கிழமை. பொழுது சாய்வதற்குள் இரண்டு கூடை மீன் ஏறாவிட்டால், பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு நாளைக்குப் பூசை முடிந்ததும் ஓசூர் பஸ் ஏற வேண்டும். ஓசூரில் மகன் ஆரோக்கிய பிரவீன் கம்பெனி வேலையில் இருக்கிறான். அப்பா அம்மாவுக்காக இரண்டு அறை வீடு பார்த்து வைத்திருக்கிறான். அந்த வீட்டில் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரி என்ன செய்வான்? பக்கெட்டில் வலை போடுவானா?

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டதும் அவன்தான். "ரெண்டு மாசமா வலையில பாசிதான் வருது, என் முட்டியும் போச்சு, போதுங்க," என்று மனைவி பாக்கியமேரி துறையில் வைத்துச் சொன்னபோது, அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டான். "பிரவீனு மீன் பாக்கற மிஷின் அனுப்பியிருக்கான். சனிக்கெழமைக்குள்ள ரெண்டு கூடை. இல்லன்னா நீ சொல்ற ஊருக்கு வந்துடறேன்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். "துடுப்பு போடறவளுக்கு மீனப் பத்தி இன்னா தெரியும்?" என்று வாலையும் சேர்த்துவிட்டான்.

அந்த நிமிஷத்தில் பாக்கியமேரியின் வாயிலிருந்து 'ங்க' போய்விட்டது.

இருபத்தாறு வருஷம் அவள் அவனை 'ங்க' இல்லாமல் கூப்பிட்டதில்லை. பிரவீன் பிறந்தபோது வலியில் ஆஸ்பத்திரியே அதிரத் திட்டினாள். அப்போதும் "நீங்க நாசமாப் போவீங்க" என்றுதான் திட்டினாள். தூக்கத்தில் குறட்டை விட்டால்கூட அதில் ஒரு மரியாதை இருக்கும். அந்தப் பெண்பிள்ளை ஐந்து நாளாக, தின்னு, நகரு, ஏறு.

"எத்தினி ஆளு?" என்றாள் இப்போதும். பரிசலின் முன்பக்கம், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

துறையில் ஆழத்துக்கு அதுதான் கணக்கு. ஒரு ஆள் நின்றால் என்ன உயரமோ அது ஒரு ஆள். மிஷினிலும் மீட்டரை மாற்றி அதையே வைத்துக் கொடுத்திருந்தான் பிரவீன். "ஃபேத்தம்னு ஒரு கணக்கு இருக்குதுப்பா. ஆறடி." "அத ஒரு ஆளுன்னு சொல்லேன்டா," என்று சவரி அன்றைக்கு ஒருநாள்தான் மிஷினோடு சிநேகமாக இருந்தான்.

"ஒம்போது," என்றான் இப்போது. "மிஷினு ஆறுங்குது. பொய்யி."

"பொய் சொல்றத கட்டிக்கினு அழு," என்றாள் அவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தான். அவனும் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் திரையில் பொம்மை மீன்கள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல நெரிந்தன; வலையைப் போட்டால் ஒரு ஜிலேபி மீன் குஞ்சு, அதுவும் வழி கேட்க வந்ததுபோல. பிரவீனுக்குப் போன் போட்டு நாலு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். பிரவீனுக்கும் அதே நாலு தலைமுறைதான் என்பதால் அவன் பொறுமையாகச் சொன்னான்: "அந்த மீன் படத்த நிறுத்துப்பா. அது மிஷினோட ஊகம். எல தழ போனாலும் மீனுன்னு போடும். நிறுத்திட்டா வெறும் கோடுதான் வரும். மீன் குறுக்க போச்சுன்னா புருவம் மாதிரி வளைஞ்சு வரும். அப்படியே நின்னுச்சுன்னா நீளமா கோடு இழுக்கும். வலது ஓரத்துல வர்றதுதான் இப்ப. மிச்சமெல்லாம் பழசு. சென்சிட்டிவிட்டின்னு இருக்கும், மிஷினோட கூர்மை, அத ஆட்டோவுல வுடாத, கையால வை. அப்புறம் ஒயருல தொங்கற அந்தக் கட்ட இருக்குதில்ல, அது மிஷினோட காது. தண்ணியிலயே இருக்கணும். வெளிய எடுத்தா அதுக்கு ஒண்ணும் கேக்காது."

சவரி அதையெல்லாம் செய்தான். காதை மூங்கில் குச்சியில் கட்டிப் பரிசலுக்கு வெளியே தண்ணீரில் விட்டான். கூர்மையை எழுபதில் நிறுத்தினான். பலனும் இருந்தது. இன்று காலையில் திரையில் முதன்முதலாகப் புருவங்கள் வந்தன. போட்ட வலையில் அரைக்கூடை கட்லா. மத்தியானத்துக்கு மேல் ஒரு புருவம்கூட இல்லை. எங்கே போனாலும் திரை வெறிச்சென்று கிடந்தது. கடைசியாக நாலு மணிக்கு இந்தப் பள்ளத்துக்கு வந்தார்கள்.

வந்தால், ஆறு.

ஐப்பசி வானம் ஈயச் சட்டியைக் கவிழ்த்ததுபோல மேலே நின்றது. காற்று இல்லை. தண்ணீரில் பாசி வாடை, பரிசலில் தார் வாடை, கூடையில் கட்லாவின் கவிச்சி. கரையில் எங்கேயோ ஏரியூர் பஸ் ஹாரன் அடித்தது, அதோடு சரி. சவரி திரையை உற்றுப் பார்த்தான். தரை காட்டவேண்டிய இடத்துக்கு மேலே, ஆறு ஆள் ஆழத்தில், தடிமனாக ஒரு கோடு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆடாமல் அசையாமல்.

நிற்கிறது.

கூர்மையை ஐம்பதுக்கு இறக்கினான். அழுக்குப் புள்ளிகள் மறைந்தன. முப்பது. தண்ணீரில் இருந்த மற்றதெல்லாம் மறைந்தது. பதினைந்து. தரையே மறைந்துவிட்டது. அந்தக் கோடு மறையவில்லை. இன்னும் கறுத்தது.

அப்போது அவன் மூளையில் பளிச்சென்றது. மீன்! மிஷின் தரை என்று ஏமாந்து போகிற அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற மீன் கூட்டம்! ரெண்டு கூடையா? ரெண்டு லாரி! தொப்பூர் கணவாயில் டிராஃபிக் ஜாம் ஆகிற அளவுக்கு மீன்!

"மேரி! வலைய எடு!"

வலையை ஆறு ஆளுக்கு இறக்கிக் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து இழுத்தான். கனத்தது. கை நரம்பு புடைக்கக் கனத்தது. துள்ளவில்லை, அடிக்கவில்லை; தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரே சீராகக் கனத்தது. சவரி கால்களை விரித்து ஊன்றிக்கொண்டு, தெரிந்த கெட்டவார்த்தையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு இழுத்தான். விளிம்புக்கு வந்தது. விளிம்பைத் தாண்டியது.

கனம் போய்விட்டது.

பின்னால் சாய்ந்து விழுந்தான். பரிசல் ஒருமுறை அமுங்கி நிமிர்ந்தது. வலையில் ஒன்றும் இல்லை. பாசிகூட இல்லை. கழுவிக் காயப்போட்டதுபோலச் சுத்தமாக இருந்தது.

"இன்னாச்சு?"

"தப்பிச்சுட்டானுங்க. விளிம்புல வந்து தப்பிச்சுட்டானுங்க!" ஆத்திரத்தில் குரல் கிறீச்சிட்டது. பெட்டியைப் பார்த்தான். ஐந்து என்றது.

"மேல வருது மேரி! கூட்டம் மேல வருது!"

மறுபடி வலை. மறுபடி அதே கனம். அதே சீரான, துள்ளாத கனம். விளிம்பைத் தாண்டியதும் வெறும் வலை. பரிசல் லேசாக அமுங்கியது. பெட்டி நான்கு என்றது.

ஒரு மனுஷனுக்கு அப்போதாவது புத்தி வந்திருக்கவேண்டும். சவரிக்குக் கோபம்தான் வந்தது. வலையைத் திட்டினான். மேட்டூர் அணையைக் கட்டியவனைத் திட்டினான். ஓசூரை, ஓசூரில் வீடு கட்டினவனை, அந்த வீட்டுக் குழாயை, குழாயின் மூடியை. திட்டத் திட்ட இழுத்தான். நான்கு மூன்றானது.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வலைபோட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மாதுவின் பரிசல் இருபதடி தள்ளிப் போயிற்று. பக்கத்துத் தெருக்காரன், சவரியைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இன்னாண்ணா, டிவியில நாடகம் முடிஞ்சுதா?" என்றவன், துடுப்பை நிறுத்திவிட்டுப் பரிசலைப் பார்த்தான். குரல் மாறியது. "யண்ணா! நெசமாவே செம லோடு போல! பரிசலு கழுத்து மட்டும் அமுங்கிக் கீதே! பாத்துப் போண்ணா, அலை அடிச்சா உள்ள வந்துரும்!"

"எவன்டா லோடு? அரக்கூடைய வெச்சுக்கினு இருக்கறவன நக்கலா பண்ற? கரைக்கு வாடா, உன் வாயத் தெக்கறேன்!"

மாது சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, வழக்கமில்லாத வேகத்தில், துடுப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சவரி எட்டி விளிம்புக்கு வெளியே பார்த்தான். பரிசலின் பக்கம் எப்போதும் ஒன்றரை முழம் தண்ணீருக்கு மேலே நிற்கும். இப்போது ஒரு சாண்.

ஒழுகுகிறதோ? உள்ளே தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது.

"ஒரே கனமா இருக்குது," என்றாள் பாக்கியமேரி. "திருப்பவே முடியல."

"உனக்குக் கையில வலு இல்ல. பேசாம இரு."

இன்னும் மூன்று ஆள். ஒன்றரைக் கூடை. நாளைக்கு ஓசூர் பஸ். அந்தக் குழாய். அவன் வலையை விட்டான். இழுத்தான். இந்தத் தடவை விளிம்பைத் தாண்டும்போது, வலைக்கயிற்றைப் பிடித்திருந்த கைமேல் குளிர்ச்சியாக என்னவோ பட்டுக்கொண்டு போனது. உள்பக்கமாக. பரிசல் அமுங்கியது.

இரண்டு.

மறுபடி.

ஒன்று.

கடைசியாக வந்தது அவ்வளவு கனமில்லை. ஒற்றைக் கையாலேயே தூக்கிவிட்டான். எதைத் தூக்குகிறான் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகவே இன்னும் உரக்கத் திட்டினான்.

வெறும் வலை.

பெட்டி ஒருமுறை இமைத்தது. கோடு அறுந்தது. திரையின் வலது ஓரம் சுத்தமாக, வெள்ளையாக வந்தது. எண் மாறியது.

ஒன்பது.

சவரி கயிற்றை விட்டுப் பார்த்தான். ஒன்பதாவது முடிச்சில் கல் சேற்றைத் தொட்டது. கயிறும் ஒன்பது. மிஷினும் ஒன்பது. ஐந்து நாளில் முதல் தடவையாக இரண்டும் ஒரே பேச்சு.

"சரியாயிடுச்சு," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. குரல் அவன் குரல்போலவே இல்லை.

பாக்கியமேரி துடுப்பைப் போட்டாள். பரிசல் அசையவில்லை. மறுபடி போட்டாள். மெதுவாக, பாறையை உருட்டுவதுபோல, கரைப்பக்கம் திரும்பியது. துறை விளக்கு தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. மூச்சு வாங்க, முன்னால் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"எத்தினி ஆளுங்க?"

அவன் நெஞ்சு குளிர்ந்தது. வந்துவிட்டது. ஐந்து நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு வந்ததுபோல அந்த 'ங்க' வந்துவிட்டது. சிரிப்புக்கூட வந்தது. ஒம்போதுடி, ஒம்போது என்று சொல்ல வாயெடுத்தான்.

ஆளுங்க.

சொல் காதுக்குள் ஒருமுறை புரண்டு படுத்தது. மரியாதையை எடுத்துவிட்டு மனசுக்குள் மறுபடி கேட்டுப் பார்த்தான். எத்தினி ஆளுங்க. எத்தனை பேர்.

ஆறு. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று.

கீழே இப்போது யாரும் இல்லை.

பரிசல் விளிம்பு தண்ணீருக்கு மேல் நான்கு விரல் நின்றது. உள்ளே இரண்டு பேர். அரைக்கூடை கட்லா. மிஷினுக்கு ஒரு பேட்டரி. இவ்வளவுதான் இருக்கிறது. இவ்வளவுதான் தெரிகிறது. கட்லாவின் கவிச்சியைக் காணோம். அதற்குப் பதிலாக வேறொரு வாடை. நாள்கணக்கில் நனைந்து கிடந்த துணியைப் பிழியாமல் விரித்ததுபோல. நாலாப் பக்கமிருந்தும்.

மூங்கில் குச்சியை இழுத்தான். மிஷினின் காது தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. மடியில் வைத்துக்கொண்டான். சொட்டியது. வெளியே எடுத்தால் அதற்கு ஒன்றும் கேட்காது. திரை வெறுமையாகிவிடும்.

காது இடதுபக்கம் பார்த்திருந்தது.

திரையில் கோடு. தடித்த, கறுத்த கோடு. அரை ஆள் தூரத்தில்.

அங்கே கூடையும் விளிம்பும்தான்.

மெல்லத் திருப்பினான். வலதுபக்கம். கோடு. இன்னும் பக்கத்தில்.

தனக்குப் பின்னால் திருப்பினான். முதுகுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம்.

கோடு.

முன்னால். பாக்கியமேரியின் முதுகை நோக்கி. கோடு வந்தது. அவளிடம் போய்ச் சேரவில்லை. பாதித் தூரத்திலேயே நின்றது.

"மேரி."

"ம்."

"போவலாம்." கோபத்தைத் தேடினான். ஒரு துளி கிடைக்கவில்லை. "ஓசூருக்கே போவலாம். இனிமே இந்தத் தண்ணிக்கு வரல. சத்தியமா. நேரா கரைக்குப் போ. நிறுத்தாத. திரும்பாத."

துடுப்பு ஒரு நொடி நின்றது. அவள் தோள்கள் தளர்ந்தன. முகம் தெரியாவிட்டாலும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமா."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாவாம்," என்றாள். இத்தனை நாள் சண்டைக்கும் சேர்த்து அந்தக் குரலில் இப்போது ஒரு செல்லக் கோபம். தோளை லேசாகக் குலுக்கினாள். "செரி, அதுக்காக இப்படியா வந்து மேல சாயறது? தள்ளி உக்காருங்க. கையே தூக்க முடியல."

சவரி பரிசலின் பின்விளிம்பில், முதுகு கம்பில் அழுந்த, உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே ஐந்தடி இருந்தது.

பெட்டியின் நீல வெளிச்சத்தில் அவளுடைய முதுகு தெரிந்தது. ஜாக்கெட்டின் உலர்ந்த துணியில், வலது தோளில், ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. ஐந்து விரலும் விரிந்த கை அகலத்துக்கு. அதன் பக்கத்தில் இன்னொன்று. இடது தோளில் ஒன்று. அதற்குக் கீழே, இடுப்புக்கு மேலே, புடவையை இறுக்கிப் பிடித்தாற்போல, மிகச் சின்னதாக இன்னொன்று.